பிசிறில்லாத சத்தம்

அந்த வருடக் கோடை விடுமுறையில் நம் தெருவில் யாருக்கும் மதியத் தூக்கம் வாய்க்கவில்லை என்றால் அதற்கு எங்கள் வீட்டு மொட்டைமாடிதான் காரணம். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் என்னோடு பாண்டி ஆடியவர்களும், பாட்டு கிளாஸில் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் தப்பும்போது என் தொடையில் கிள்ளியவர்களும் இதைப் படிக்க நேர்ந்தால், முதலில் அந்தத் தூக்கத்துக்காக என்னை மன்னித்துவிடுங்கள். இப்போது நமக்கெல்லாம் காதோரம் நரைத்துவிட்டது. மதியம் படுத்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. தூக்கத்தின் அருமை தெரிந்த வயதில் கேட்கிறேன், கொஞ்சம் தாராளமாக இருங்கள்.

சத்தம் போட்டது என் மாமாவின் மிஷின் வாள். மாமாவை உங்களுக்கு நினைவிருக்கும். அம்மாவின் கடைசித் தம்பி. நீங்கள்தான் அவருக்கு ‘மரத்தூள் மாமா’ என்று பெயர் வைத்தீர்கள். சாயங்காலம் அவர் தெருமுனையில் திரும்பும்போது புருவம், இமை, மீசை எல்லாவற்றிலும் மரத்தூள் ஒட்டியிருக்கும். நாம் ஓடிப்போய் ஊதுவோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டுவார். வேம்பு அறுத்த நாளில் அவர் மேல் கசப்பு வாசனை அடிக்கும். தூங்குமூஞ்சி மரம் அறுத்த நாளில் என்ன வாசனை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் இப்போது அடித்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

எங்கள் வீட்டுக்குள் அவருக்கு வேறு பெயர். அரைகுறை. தென்காசிப் பக்கத்திலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததே அந்தப் பெயரோடுதான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போனது, செகந்திராபாத் ஸ்டேஷன் வாசலில் சைக்கிளைப் பூட்டாமல் விட்டுவிட்டு டிக்கெட் எடுக்கப் போனது, ராகி மாவு வாங்கி வரச் சொன்னால் சோளமாவோடு வந்து நின்றது என்று அம்மாவிடம் ஒரு புராணமே உண்டு. விருந்தாளி யார் வந்தாலும் காபியோடு அதையும் பரிமாறுவாள். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவருக்கு வலித்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சிரிக்கிறவருக்கு வலிக்கும் என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்?

பம்பாய் ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. ஊர் முழுக்கக் கம்ப்யூட்டர் கோர்ஸ் போர்டுகள். ரோட்டின் இரண்டு பக்கமும் நின்ற மரங்களில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். மரத்துக்காக நம் வீடுகளில் யாரும் வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை. ரோடு வந்தால் ப்ளாட் விலை ஏறும் என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பாவம் நமக்குப் பொது, பங்கு போட்டுக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் சொந்தமானது.

மரம் வெட்டும் வேலையை ஒரு காண்டிராக்டர் எடுத்திருந்தார். பெரிய தொப்பை, வெள்ளைச் சட்டை, பேச்சில் பாதி தெலுங்கு, பாதி நம் ஊர் இந்தி. அவரிடம் நாலைந்து பேர் சொந்த மிஷினோடு வேலை பார்த்தார்கள். மாமாவுடையது செகந்திராபாத்தில் பழைய சாமான் கடையில் வாங்கியது. ஒரு காலத்தில் ஆரஞ்சு நிறமாக இருந்திருக்கும். கயிற்றைப் பிடித்து இழுத்தால் முதல் இழுப்பில் இருமும், அடுத்ததில் கோபிக்கும், அப்புறம்தான் ஓடும். மற்றவர்கள் ஒரு மரத்தைச் சாய்த்துவிட்டு பீடி பற்றவைக்கும்போது மாமா இன்னும் பாதியில் நிற்பார். அவர்கள் அந்த மிஷினை ‘எட்ல பண்டி’ என்றார்கள். மாட்டுவண்டி என்று அர்த்தம்.

மழை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று காண்டிராக்டருக்கு மேலிருந்து நெருக்கடி. ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு, இந்த ரோட்டின் கடைசி மரம் வரைக்கும் எவன் மிஷின் வேகமாக, நிற்காமல் ஓடுகிறதோ, அடுத்த ரோட்டு வேலை முழுக்க அவன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். மாமா அதை எங்களிடம் சொன்ன சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கை கழுவாமல் நடுக்கூடத்தில் நின்றுகொண்டே சொன்னார்.

“பொறுப்புன்னு சொன்னாருக்கா. எங்கிட்ட பொறுப்பு. நாலு ஆளு எனக்குக் கீழ.”

“உங்கிட்டயா? அவருக்கு உன்னைப் பத்தி யாரும் சொல்லலை போலிருக்கு” என்றாள் அம்மா.

மாமா சிரித்தார். ஆனால் இந்தத் தடவை கை கழுவப் போகாமல் அங்கேயே நின்றார். ஊரில் அவருக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பையனுக்கு நிலையான வேலை என்று ஒன்று ஆகட்டும் என்று பெண் வீட்டில் காத்திருந்தார்கள். அதுவும் அவர் மனதில் இருந்திருக்கும். ஆனால் எனக்கு இப்போது தோன்றுவது, அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான். ஒரே ஒரு தடவையாவது யாராவது தன்னைப் பொறுப்பானவன் என்று சொல்ல வேண்டும், அதை அக்கா கேட்க வேண்டும்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் டிராயிங் பிரிவில் இருந்தார். காகிதத்தில் அவர் வரையாத இயந்திரம் இல்லை. கையால் தொட்ட இயந்திரம் எங்கள் வீட்டு ஸ்கூட்டர் ஒன்றுதான். அவருக்குக் கீழே பயிற்சிக்கு வந்த பையன்கள் ஒவ்வொருவராக சாஃப்ட்வேருக்குப் போய், காரில் வந்து “எப்படி சார் இருக்கீங்க” என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனபிறகு அப்பா வெகுநேரம் பேப்பரைப் பிரித்த பக்கத்திலேயே வைத்திருப்பார். தனக்கும் ஏதோ தெரியும் என்று யாருக்காவது காட்ட வேண்டிய நிலைமையில் இருந்தார். மாமாவின் மிஷின் சரியாக அந்த நேரத்தில் வந்து மாட்டியது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்து எதையோ படித்துவிட்டு, கண்ணெல்லாம் மின்ன வந்தார். ராத்திரி சாப்பாட்டின்போது மாமாவுக்குப் பாடம் நடந்தது.

“உன் மிஷினுக்கு மூக்கடைப்பு, மாப்ளே. புகை வெளிய போக வழி இல்ல. சைலன்சரைத் திறந்து உள்ள இருக்கிற தடுப்பை எடுத்துட்டு, பெருசா ஒரு ஓட்டை போட்டோம்னா, மூச்சு நல்லா விடும். வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகும்.”

“கம்பெனிக்காரன் யோசிக்காமலா அத்தான் அடைச்சு வச்சிருப்பான்?” மாமா தயங்கினார்.

“அவன் சத்தத்துக்கும் சட்டத்துக்கும் பயந்து வச்சிருக்கான். உனக்கு மரம் விழணுமா, சட்டம் வேணுமா?”

“நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றார் மாமா. அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவருக்கு எப்போதும் உள்ள நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் பழைய பேப்பரை விரித்து வேலை தொடங்கியது. தண்ணீர்த் தொட்டி நிழலில் நான் உட்கார்ந்திருந்தேன். சைலன்சர் என்பது சோப்பு டப்பா அளவில் ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். திறந்தால் உள்ளே வருடக்கணக்கான கரி. அப்பா அதைச் சுரண்டி, குறுக்கே இருந்த தகட்டை அறுத்து எடுத்து, வாய்ப்பக்கம் இருந்த சின்ன வலையையும் பிடுங்கி எறிந்தார். கடன் வாங்கி வந்த டிரில்லால் ஓட்டை போட்டார். டிராயிங்கில் காட்டும் அதே சுத்தத்தோடு, முதலில் பென்சிலால் வட்டம் போட்டு, அப்புறம் துளைத்து, ஓரத்தை அரத்தால் ராவினார். அன்று அப்பா அழகாக இருந்தார். நான் வேறு எப்போதும் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. அதனால்தான் இதை எழுதுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

மாட்டி முடித்து மாமா கயிற்றை இழுத்தார். தொட்டி மேல் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. எதிர்வீட்டுக் குழந்தை வீறிட்டது. கீழ்வீட்டு ஆன்ட்டி வாசலுக்கு வந்து, “கியா ஹோரா ஜீ, பச்சே சோரே யஹான்!” என்று, பிள்ளைகள் தூங்குவதைச் சொல்லிக் கத்தியது அவர் வாயசைவில்தான் தெரிந்தது. அப்பா மேலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். “ஹவ் ஹவ், பஸ் தோ மினிட்” என்றார்.

இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையா அது? சைலன்சரைத் திறந்துவிட்டால் உள்ளே காற்று அதிகம் போகும். அதற்குத் தகுந்தபடி பெட்ரோலும் அதிகம் போக வேண்டும். அதற்குக் கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூ உண்டு. எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று அப்பா படித்த இடத்தில் போட்டிருந்தது. எந்தச் சத்தம் என்று விளக்கிய இடத்துக்கு வருவதற்குள் சென்டரில் கரண்ட் போய்விட்டதாம். அப்பா அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சரியான சத்தம் எது என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே ஆள் இருக்கிறதே!

நம் பாட்டு டீச்சர் எல்லோர் எதிரிலும் என்னைப் பற்றி ஒன்று சொல்லியிருந்தார், நீங்கள் மறந்திருப்பீர்கள், என் வீட்டில் மறக்கவில்லை. “குரல் சுமார்தான். ஆனா இந்தப் பொண்ணுக்குக் காது ஞானம் உண்டு. அரை இழை விலகினாலும் பிடிச்சுடுவா.” அப்பா அந்த வாக்கியத்தை ஆபீஸ் வரைக்கும் கொண்டுபோயிருந்தார்.

“பாப்பா, இங்க வா. கண்ணை மூடிக்கோ. சத்தத்துல எங்கயாவது பிசிறு இருந்தா சொல்லு.”

மாமா ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்தார். அப்பா ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் வந்தது கரகரவென்று, தொண்டையில் சளி கட்டிய மாதிரி, உடைந்து உடைந்து ஒரு சத்தம். நான் முகத்தைச் சுளித்தேன். “பிசிறுப்பா!” என்று கத்தினேன். அப்பா ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருப்பினார். சத்தம் மேலே ஏறியது. “இன்னும் இருக்கு!” இன்னும் திருப்பினார். கரகரப்பு மெல்ல மெல்ல விலகி, கடைசியில் ஒரே கோடாக, மேல் ஸ்தாயியில் சுத்தமான ஒரு ஸ்வரம் நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. “இப்போ சரிப்பா, இப்போ சேந்துருச்சு!”

மிஷினை நிறுத்திய பிறகும் காதுக்குள் அது கேட்டுக்கொண்டிருந்தது. மாமா என் தலையைப் பிடித்து ஆட்டினார். “பிள்ளைக்கு என்னா காதுங்கேன்! நம்ம வீட்டுல இப்பிடி ஒரு காதா!” அம்மா மேலே வந்து மிஷினுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். அன்றைக்கு நம் தெருவில் என்னை விடக் கர்வம் பிடித்தவள் யாரும் இருந்திருக்க முடியாது.

மறுநாளிலிருந்து மாமாவின் மிஷின் பறந்தது. அதில் பொய்யில்லை. கேலி செய்தவர்கள் பீடியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். காண்டிராக்டர் மாமாவின் தோளில் தட்டி “ஏமய்யா, பண்டிக்கி ரெக்கலொச்சினயா?” என்று கேட்டாராம், வண்டிக்கு இறக்கை முளைத்துவிட்டதா என்று. மாமா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சாயங்காலம் வரும்போது நுங்கு வாங்கி வருவார். ராத்திரி காதில் வண்டு ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று தலையைச் சரித்துச் சரித்துத் தட்டுவார். கத்திக் கத்திப் பேசுவார். அம்மா அதையும் கேலி செய்தாள், ஆனால் அந்தக் கேலியில் முன்னை மாதிரி காரம் இல்லை. ஊருக்குப் போன் போட்டு, “தம்பி இப்போ பரவால்லம்மா, ஒழுங்கா இருக்கான்” என்று அவள் சொன்னதை மாமா கூடத்தில் செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்று கேட்டார்.

இன்னொன்றும் நான் பார்த்தேன். அதுதான் முக்கியம். அந்த மிஷினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். கலவை தப்பினால் மிஷின் போச்சு. இருமல் மருந்து பாட்டிலோடு வருகிற பிளாஸ்டிக் மூடியில்தான் மாமா ஆயில் அளப்பார். தினமும் காலையில் பின்பக்கப் படியில் உட்கார்ந்து, மூடியைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, அப்புறம் என்னிடம் நீட்டுவார்.

“நீயும் பாத்துச் சொல்லு பிள்ளே. கோட்டுக்கு வந்துட்டா? எம் புத்தியை நம்ப முடியாது.”

நான் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, சரி என்ற பிறகுதான் கேனில் ஊற்றுவார். மூடியின் அடியில் ஒட்டியிருந்த துளியைக்கூட விரலால் வழித்துச் சேர்ப்பார். ஒருநாள்கூட அவர் அதைத் தவறவிட்டதில்லை. பாலை அடுப்பில் வைத்து மறந்த அதே மனிதர்தான்.

கடைசியில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் மிச்சம் இருந்தது. அதைச் சாய்த்துவிட்டால் மாமா ஜெயித்த மாதிரி. அப்பா லீவு போட்டுவிட்டு, சாப்பாட்டுக் கேரியரோடு என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். உச்சி வெயில். தார் உருகி செருப்பில் ஒட்டியது. கயிறு கட்டி ரோட்டை ஒரு பக்கம் அடைத்திருந்தார்கள். மாமா அடிமரத்தில் வாளைக் கொடுத்து, விடாமல் அறுத்துக்கொண்டிருந்தார். அந்த மரம் மற்ற மரங்களைப் போல இல்லை, அகலம். மிஷினுக்கு ஓய்வே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், ஏனென்றால் அது என் ஸ்வரம். அது இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. இன்னும் மெலிந்தது. எவ்வளவு சுத்தம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் சத்தம் அறுந்துவிட்டது.

மாமா கயிற்றை இழுத்தார். அசையவில்லை. மறுபடி இழுத்தார். கயிறு கல்லில் கட்டியது போல நின்றது. காண்டிராக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் இருந்தவனுக்குக் கண்ணைக் காட்டினார். அவன் தன் மிஷினோடு வந்து, மாமா விட்ட இடத்தில் வாளைக் கொடுத்து மரத்தைச் சாய்த்தான். மாமா தன் மிஷினைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனார். கேரியரை அன்று யாரும் திறக்கவில்லை.

மறுபடியும் மொட்டைமாடி, மறுபடியும் பழைய பேப்பர். அப்பா மிஷினைப் பிரித்து பிஸ்டனை வெளியே எடுத்தார். ஒரு பக்கம் முழுக்க, பூனை பிறாண்டிய மாதிரி கோடு கோடாக இருந்தது. அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே வந்து கூடத்தில் நின்று சொன்னார்.

“ஆயில் பத்தலை. பிஸ்டன் காஞ்சு போய்ப் பிடிச்சிருக்கு. கலவையில கவனமா இருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“இவன் என்னைக்குத்தான் ஒண்ணை உருப்படியாச் செஞ்சிருக்கான்?” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அழுதாள்.

மாமா என்ன சொன்னார் தெரியுமா? “அப்படி இல்லையே அத்தான், அளந்துதானே ஊத்தினேன்” என்று சொல்லவில்லை. தன் காலை நேரத்தைத் தானே சந்தேகத்தோடு திரும்பிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. “இருக்கும் அத்தான். இன்னைக்குக் காலையில ஒரு அவசரம். கை தவறியிருக்கும்” என்றார். மூடியைக் கண் மட்டத்தில் பிடித்துச் சரி சொன்ன ஒருத்தி கதவோரம் நின்றுகொண்டிருப்பது அவருக்கு நினைவே வரவில்லை. அத்தான் சொல்லிவிட்டாரே! என்னிடமும் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் போனதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அன்று அப்பா பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் நம்பித்தான் சொன்னார். பொய் அடுத்த நாள்தான் தொடங்கியது. அன்றைக்கு மறுபடியும் பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டு வந்தார். முகம் கறுத்திருந்தது. என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

“பாப்பா, அன்னைக்கு எந்தச் சத்தத்துல நிறுத்தச் சொன்னே? பாடிக் காட்டு.”

பாடிக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“அதுக்கு முன்னாடி வந்த கரகரப்பு?”

அதையும் தொண்டையை உடைத்துச் செய்து காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

“அதுதான் இருந்திருக்கணுமாம்” என்றார். “மரத்தைத் தொடாம சும்மா ஓடும்போது அந்தக் கரகரப்பு இருந்தாத்தான் உள்ள போதுமான பெட்ரோல் போகுதுன்னு அர்த்தமாம். ஆயிலும் அதோடதானே போகணும். நாம அதை எடுத்துட்டோம்.” படியில் இறங்கும்போது, “இந்தச் சத்த விஷயத்தை யார்கிட்டயும் பேசாத” என்றார்.

எனக்குப் பாதிக்கு மேல் புரிந்தது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் புரியாமல் இருக்குமா?

அதன்பிறகு அப்பா மாமாவிடம் ரொம்பப் பிரியமாகிவிட்டார். தன் தட்டில் இருந்த மீன் வறுவலை எடுத்து மாமாவின் தட்டில் வைப்பார். கேட்காமலே சட்டைத்துணி வாங்கி வந்தார். யார் யாரையோ பார்த்து, பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாமாவுக்கு ஷிப்ட் வேலை வாங்கிக் கொடுத்தார். அம்மா உருகிப்போனாள். “நீங்க சரி பண்ணின மிஷினைக் கெடுத்தவனுக்குப் போய் இப்படிச் செய்றீங்களே” என்றாள். மாமா அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஷேர் ஆட்டோ ஏறினார். அப்பா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பாட்டு கிளாஸ் வாசலில் பெரியவர்கள் யாரையோ பற்றிப் பேசும்போது சொல்வார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் எதிரெதிரே நின்று விடைபெற்றுக்கொண்டன.

ஊரில் பார்த்து வைத்திருந்த பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிந்தது. மிஷினைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டோம். நான் அடுத்த வருடம் பாட்டு கிளாஸை நிறுத்திவிட்டேன். டியூஷன் என்று உங்களிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார முடியவில்லை, அதுதான் காரணம்.

அப்பா கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோது ஒரு மதியம், நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கையில், சம்பந்தமே இல்லாமல் சொன்னார்: “அவன் ஆயில் சரியாத்தான் ஊத்தியிருக்கான்.”

“தெரியும்ப்பா. அப்புறம் ஏன் சொல்லலை?”

“உன் பேரு அடிபடுமே. சின்னப் பிள்ளை. உன்னால போச்சுன்னு ஆயிடும்ல.”

எனக்காகத்தான் என்று அவர் கடைசி வரைக்கும் நம்பியிருக்கலாம். எனக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். காரில் வந்து விசாரித்துவிட்டுப் போன பையன்களும் அதில் இருந்தார்கள். ஆனாலும் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாயைத் துடைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு வருடாந்திரத் திதி முடிந்த வாரம் நான் பட்டான்செரு போனேன். மாமா இப்போது அதே மருந்துக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். தாமதமாகக் கல்யாணம், ஒரு மகள், சொந்த வீடு. காது மட்டும் மந்தம். அந்த மிஷினாலா, கம்பெனி மோட்டார்களாலா, தெரியாது. அத்தை கடைக்குப் போயிருந்தார். மாமா தரையில் உட்கார்ந்து மிக்ஸிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் எதிரே உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். “ஆங்?” என்று காதைக் கொடுத்தார். மெல்லச் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் நான் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆயில் சரியாக இருந்தது. நான் பார்த்தேன். சத்தத்தைத் தப்பாகச் சொன்னது நான். ஸ்க்ரூவைத் திருப்பியது அப்பா. அப்பாவுக்கு மறுநாளே தெரியும்.

மாமா கேட்டார். மிக்ஸியின் அடியைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். அப்புறம் சிரித்தார், அந்தப் பழைய சிரிப்பு.

“கிறுக்குப் பிள்ளை. செத்துப்போன மனுசன் மேல எதையாவது சொல்லாத. அத்தான் தெரிஞ்சே அப்படிச் சொல்ல மாட்டாரு.”

“மாமா, அப்பாவே என்கிட்ட சொன்னார்.”

சிரிப்பு நின்றது. துணியை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

“இங்க பாரு” என்றார். “கம்பெனியில ஒரு மோட்டாரு எம் பொறுப்புல காஞ்சதுன்னு கிடையாது. எல்லாத்தையும் ரெண்டு தடவை பாப்பேன். வீட்டுக்கு வந்து படுத்தாலும், பாத்தோமான்னு எந்திரிச்சு உக்காந்துருவேன். எதுக்கு? ஒரு தடவை அசந்து அத்தான் கையால செஞ்ச மிஷினைக் கெடுத்துட்டோமேன்னுதான். எம் மகளை அந்தக் கதையைச் சொல்லித்தான் வளத்திருக்கேன். இப்ப வந்து நீ, நான் அசரவே இல்லைங்கே. அப்ப நான் இத்தனை நாளு எதுக்குப் பயந்தேன், சொல்லு?”

“மன்னிச்சிருங்க மாமா” என்றேன். அது அவர் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். மறுபடி கத்திச் சொல்லத் தைரியம் இல்லை.

கேட் திறந்தது. காலேஜ் முடிந்து மாமாவின் மகள் உள்ளே வந்தாள். பையை எறிந்துவிட்டு, “மதினி! எப்புடு வச்சாரு?” என்று, எப்போது வந்தீர்கள் என்பதைத் தெலுங்கிலேயே கேட்டாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன ரெண்டு பேரும் சீரியஸா? என்ன பேசுறீங்க?”

“நான் மிஷினைக் கெடுத்த கதைதான்” என்றார் மாமா.

“அய்யோ, மறுபடியுமா! ஆயில் கதை!” அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நீங்க அப்போ அங்க இருந்தீங்கள்ல மதினி? நிஜம்மா டாடிதான் மறந்தாரா? எனக்கு நம்பவே முடியலை. இவராவது மறக்கிறதாவது.”

மாமா என்னைப் பார்த்தார். அந்தக் கூடத்தில் அன்று பார்க்காதவர் இன்று பார்த்தார்.

“ஆமா” என்றேன் நான். “ஆயில் பத்தலை. மாமாதான் மறந்துட்டார்.”